புதிய நோயாளிகளுக்கு இடமில்லை

டெலியாவை அவளுடைய டாக்டர் கைகழுவியபோது அவள் ஒரு யானையின் முதுகில் உட்கார்ந்திருந்தாள்.

மர யானைதான். சோதிக்கும்போது குழந்தைகள் அழக் கூடாது என்று டாக்டர் ஹாலண்ட் தம் அறை மேஜையை யானை வடிவத்தில் செய்து போட்டிருந்தார். பிறந்ததிலிருந்து டெலியா ஏறி இறங்கிய யானை. இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. காலைத் தொங்கப் போட்டால் தரை தட்டியது, தும்பிக்கை முழங்காலில் இடித்தது. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இழுப்பு வந்தால் டாக்டர் ஹாலண்ட், யானை, இன்ஹேலர், கிளம்பும்போது சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு பொம்மைப் படம். உலகம் இப்படித்தான் இயங்குகிறது என்று நினைத்திருந்தாள்.

"பட்டமளிப்பு விழா நல்லா நடந்துதா?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்லா நடந்தது டாக்டர்."

"அப்ப இதுதான் கடைசி. காலேஜ் முடியற வரைக்கும்தான் இங்க இடம். இனிமே நீ பெரியவங்க டாக்டரைப் பாத்துக்கணும்."

வாசலில் ஒரு கைக்குழந்தை யானைக்காக வீறிட்டுக்கொண்டிருந்தது. டெலியா இறங்கினாள். டாக்டர் கடைசியாக ஓர் இன்ஹேலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் பொம்மைப் படப் பெட்டியையும் நீட்டினார். அவள் தவளையை எடுத்துக்கொண்டாள். அழக் கூடாது என்று நினைத்தாள். காரில் ஏறும்வரை அழவில்லை.

அடுத்த வாரம் ஈரி நகரத்தில் வேலை. பூங்காத் துறையில், மரங்களைப் பார்க்கும் வேலை. தெருத்தெருவாக நடந்து, எந்த மரம் நோஞ்சான், எது பெருங்காற்றில் யார் கார்மேல் விழும் என்று பார்த்துக் குறிக்க வேண்டும். இதற்காகத்தான் நாலு வருஷம் படித்தாள். மரங்களால் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மரத்தடியில் ஆகஸ்டு மாதம் பூக்கிறதே ராக்வீட் என்ற களை, அதுதான் எமன். அது பூத்த தெருவில் பத்தடி நடந்தால் போதும், டெலியாவின் நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்த ஆரம்பித்துவிடும். இன்ஹேலர் இல்லாமல் அந்த வேலைக்குப் போக முடியாது. டாக்டர் இல்லாமல் இன்ஹேலர் கிடைக்காது.

அம்மா ஷெரில் உடனே போனைக் கையில் எடுத்துவிட்டாள். தான் ஒரு வார்த்தை சொன்னால் ஈரியில் ஒரு டாக்டர் என்ன, ஓர் ஆஸ்பத்திரியே எழுந்து வாசலுக்கு வந்து நிற்கும் என்பது அவள் எண்ணம்.

"வேண்டாம்மா. எனக்கு நானே டாக்டர் தேடிக்கறேன்."

"உனக்கு நீயே சாக்ஸ் தேடிக்க மாட்டே."

வினை அங்கேதான் பிடித்தது. டெலியாவிடம் அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. கல்லூரி விடுதியில் ஜன்னலுக்குக் கொசுவலை இல்லை என்று மனுப் போட ஆரம்பித்து, விடாமல் போட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் கல்லூரித் தலைவரே ஏணியோடு வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்கு வந்த பிடிவாதம் அந்த ரகம். பட்டம் வாங்கியவளுக்கு ஒரு டாக்டரைப் பிடிக்கத் தெரியாதா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மூட்டை கட்டினாள்.

ஈரியில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ராபர்ட்டா கீன் என்ற அம்மாளின் வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தாள். மிஸஸ் கீன் நகரப் பேருந்துக் கம்பெனியில் மைக்கில் ஓட்டுநர்களை அதட்டியே ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. பின்கட்டில் தார்ப்பாய் மூடிய பழைய மீன்பிடிப் படகு ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி இடுப்புயரத்துக்கு ராக்வீட். டெலியாவின் ஜன்னல் சரியாக அதன் தலைக்கு மேலே. வந்த அன்றைக்கே அவள், தானே வெட்டிவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள்.

"அதைத் தொடாதே," என்றார் மிஸஸ் கீன். "படகும் களையும் கிடந்தபடி கிடக்கட்டும். வெட்ட வேண்டியவன் வந்து வெட்டட்டும்."

அது யார் என்று டெலியா கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சாத்தினால் புழுக்கம், திறந்தால் பூனைக்குட்டி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி தந்த டாக்டர் பட்டியலை வைத்துக்கொண்டு போன் போட உட்கார்ந்தாள். பட்டியலில் முதலாவதாக இருந்த டாக்டர் போன வருஷமே காலமாகிவிட்டார். போனை எடுத்த அவர் மனைவிக்குப் பேச ஆள் கிடைக்காத ஏக்கம் போல; டெலியா சாண்ட்விச்சைக்கூடத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த எண் ஒரு பீட்சா கடையுடையது. கடைக்காரனுக்கு இது பழகிப்போயிருந்தது. டாக்டர் இல்லை, பெப்பரோனி இருக்கிறது, வேண்டுமா என்று அலுப்பில்லாமல் கேட்டான். அதற்கடுத்த இடத்தில் உண்மையிலேயே ஒரு டாக்டரின் ஆபீஸ் கிடைத்தது.

"புது நோயாளிகளை நாங்க எடுக்கறதில்லை," என்றாள் அங்கிருந்தவள். "பழைய நோயாளிங்க மட்டும்தான்."

"பழைய நோயாளி ஆகறதுக்கு என்ன பண்ணணும்?"

"ஒரு தடவை புதுசா வந்திருக்கணும்."

அவள் கிண்டல் பண்ணவில்லை, பொறுமையாகத்தான் சொன்னாள். டெலியாவுக்கு அதுதான் தாங்கவில்லை. இன்னோர் இடத்தில் மார்ச் மாதம் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். மார்ச்சில் ஈரியில் களையே இருக்காது, முட்டிவரை பனிதான் இருக்கும். இருந்தாலும் கையில் ஒன்று இருக்கட்டும் என்று அதில் பெயர் கொடுத்துவைத்தாள்.

பிறகு அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு கிளினிக்கில், நாளைக்கே வரலாம், வேண்டுமென்கிற நேரத்தில் வரலாம் என்றார்கள். மறுநாள் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிக்கொண்டு போனாள். காத்திருக்கும் கூடத்தில் எல்லோருமே தடி ஊன்றியோ சக்கர நாற்காலியிலோ வந்திருந்தார்கள். பாவம், ரொம்ப முடியாதவர்கள் வருகிற இடம் போலிருக்கிறது, நல்ல டாக்டராகத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர் சின்ன வயசுக்காரி. டெலியாவைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, நோயாளிக்குத் துணையாக வந்த பேத்தியைக் கூப்பிட்டுவிட்டோமோ என்று தாளைப் புரட்டினாள். அறுபத்தைந்து வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே ஆன கிளினிக் அது. ஒரு டாக்டருக்கு இவள் வயசு அதிகம், இன்னொருத்திக்கு இவள் வயசு போதவில்லை. நடுவில் இருக்கிற நாற்பது வருஷத்துக்கு இந்த ஊரில் யாருமே வைத்தியம் பார்ப்பதில்லையா என்று கூடத்துக்குத் திரும்பி வந்த டெலியா வாய்விட்டே கேட்டுவிட்டாள். அங்கிருந்த ஒரு தாத்தா, அவள் மறுபடி வரும்வரை தான் உயிரோடு இருக்கப் பார்ப்பதாகச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை களை மண்டிய காலிமனை ஒன்றில் நாலு மேப்பிள் மரங்களைப் பார்க்கப் போய், மூச்சு முட்டி, அவசர சிகிச்சை மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆவி பிடிக்க வைத்து அனுப்பினார்கள். ஆஸ்துமாவைத் தொடர்ந்து கவனிக்க உங்களுக்கென்று ஒரு டாக்டர் வேண்டும், இன்ஹேலருக்கு அவரிடம் போங்கள் என்று புத்திமதியும் சொன்னார்கள். டெலியா புத்திமதியைக் கேட்டுக்கொண்டாள். வேறென்ன செய்வது?

இன்ஹேலர் ஏறக்குறையக் காலி. மேலதிகாரி வேறு, மூச்சு சரியாகும்வரை அலுவலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திரு, அடுத்த வாரக் கடைசியிலும் சரியாகாவிட்டால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்ல மனுஷன், ஆனால் மரங்கள் வெளியேதான் இருக்கின்றன. ஆசைப்பட்டு வாங்கிய வேலை ஒரு களைச்செடியால் போய்விடும் போலிருந்தது.

அன்றிரவே இன்சூரன்ஸ் கம்பெனியின் செயலியைத் திறந்தாள். அதில் ஒரு மூலையில், 'உங்களுக்கான டாக்டரை நாங்களே தேர்ந்தெடுக்கட்டுமா?' என்று கேட்டிருந்தது. இவ்வளவு நாள் இதைப் பார்க்காமல் போனேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுத்தினாள். சொடுக்குப் போடும் நேரத்தில் ஒரு டாக்டரின் பெயர் வந்து நின்றது. டெலியா நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாள்.

காலையில் அந்த டாக்டரின் கிளினிக்கிலிருந்து செய்தி வந்திருந்தது. வாழ்த்துகள் என்று ஆரம்பித்து, முதல் மூன்று மாதம் ரொம்ப முக்கியம், கனமான பொருளைத் தூக்காதீர்கள் என்று முடிந்தது. கம்பெனி அவளுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ஒரு பிரசவ டாக்டரை.

சரி, மாற்றிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. இந்த நாட்டில் பிள்ளைகள் இருபத்தாறு வயது வரை பெற்றோரின் இன்சூரன்ஸில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். டெலியாவுக்கு வருகிற சேதியெல்லாம் ஊரில் அப்பா கர்ட்டிஸுக்கும் போய்விடும்.

"யாருடி அந்தப் பையன்?" என்றாள் அம்மா.

"எந்தப் பையன்?"

அம்மா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பின்னால் ஏதோ தடதடவென்று இழுபடும் சத்தம். அப்பா பரணிலிருந்து டெலியாவின் பழைய தொட்டிலை இறக்கிக்கொண்டிருக்கிறாராம். அவர் போனை வாங்கி, தனக்குக் கோபமே இல்லை என்றும், பையன் மீன்பிடிக்கிற ஆளா என்றும் கேட்டார். நடந்ததையெல்லாம் டெலியா முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே நம்புகிறாற்போல இல்லை.

"சரி," என்றாள் அம்மா கடைசியில். "அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவும் வரோம். அதுக்குள்ள ஒழுங்கா ஒரு டாக்டரைப் பாத்து மருந்து வாங்கி வெச்சிருந்தா ஒண்ணும் சொல்லமாட்டேன். இல்லேன்னா சாமானெல்லாம் கார்ல ஏத்தி உன்னைக் கூட்டிட்டு வந்துடுவேன். வேலையும் வேண்டாம், மரமும் வேண்டாம்."

டெலியா வெளிமாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் அழுகை வந்தது, அழுததில் இழுப்பு வந்தது. கீழே கதவு திறந்தது.

"பூனை வளக்கக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனே," என்றார் மிஸஸ் கீன்.

"பூனை இல்லை. நான்தான்."

மிஸஸ் கீன் மேலே ஏறி வந்து, அவள் நெஞ்சருகே காதை வைத்துக் கேட்டு, பூனை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு சமையலறைக்குக் கூட்டிப்போய், வெண்ணெயில் வதக்கிய பியரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைத் தட்டில் போட்டு, முழுக் கதையையும் கேட்டார். யானையிலிருந்து தொட்டில் வரை எல்லாம் கேட்டுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே வழி சொன்னார். அவர் வைத்தியம் பார்த்துக்கொள்கிற இடம் சோபல் கிளினிக். இரண்டு டாக்டர்கள். லேடி டாக்டர்தான் அவரைப் பார்ப்பது. புதிதாக யாரையும் எடுக்கமாட்டார்கள், ஆனால் ஏற்கெனவே வருகிறவர்களின் குடும்பத்து ஆள் என்றால் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஊர் டாக்டர்கள் பலரிடமும் உள்ள வழக்கம்தான் இது.

"நான் உங்க குடும்பம் இல்லையே," என்றாள் டெலியா.

"என் தம்பி பொண்ணுன்னு சொல்லு."

"உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"அவன் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். நீ தம்பி பொண்ணுன்னு மட்டும் சொல்லு, மத்ததெல்லாம் தன்னால நடக்கும். போன வருஷம் மாடியில இருந்த க்வாபெனாவும் இப்படித்தான் சேந்தான்."

க்வாபெனா கானா நாட்டிலிருந்து படிக்க வந்த பையன், ஆறடி உயரம். ஈரியில் பிறந்த ஒருவருக்கு அவன் எப்படித் தம்பி பிள்ளையானான் என்று டெலியா கேட்டிருக்க வேண்டும். கேட்க மூச்சு இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை போன் போட்டாள். எடுத்தவள் பெயர் லொரேன். குரலே தேனாக இருந்தது. குடும்பத்து ஆள் என்றதும், யார் குடும்பம் என்று கேட்டாள்.

"ராபர்ட்டா கீன். நான் அவங்க தம்பி பொண்ணு."

லொரேன் அதைத் திருப்பிக் கேட்டாள்.

"தம்பி பொண்ணா?"

"ஆமா."

"உன் பேரு டெலியா ஷூமன்னு சொன்னியே கண்ணு. அவங்க தம்பி பேரு அது இல்லையே."

தம்பியின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் போன் போட்டிருக்கிறாள். "ஷூமன் எங்கம்மா பேரு," என்றாள். "அப்பா... அப்பா தவறிப்போயிட்டாரு. அதுக்கப்புறம் அம்மா பழைய பேருக்கே மாத்திட்டாங்க."

"தவறிப்போயிட்டாரா?"

"ஆமா."

"எப்ப கண்ணு?"

"வசந்த காலத்துல."

லொரேன் கொஞ்சம் இருக்கச் சொன்னாள். போனில் பியானோ வாசிக்க ஆரம்பித்தது. அதற்கு முந்தின நொடியில் யாரோ வாயைப் பொத்திக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. டெலியா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு ஊரில் இருக்கும் கர்ட்டிஸின் முகம்தான் கண்முன் நின்றது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற, ஒரு ஈயைக்கூட அடிக்காத மனுஷன். இந்நேரம் தொட்டிலைத் திரும்பப் பரணில் ஏற்றிக்கொண்டிருப்பார். அவரைப் போய் ஒரு இன்ஹேலருக்காகச் சாகடித்துவிட்டாளே பாவி.

பியானோ நின்றது.

"வெள்ளிக்கிழமை காலையில வா," என்றாள் லொரேன். குரல் லேசாக நடுங்கியது. "டாக்டர் சோபல் தானே உன்னைப் பாக்கணும்கறாரு. உங்கப்பா விஷயம் கேட்டு ரொம்ப ஆடிப்போயிட்டாரு."

எவ்வளவு நல்ல மனுஷர் என்று டெலியா நெகிழ்ந்தாள். மிஸஸ் கீனிடம் போய், தம்பி பெண் என்று சொன்னதில் இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னாள். தம்பியைச் சாகடித்ததைச் சொல்ல நா எழவில்லை.

வெள்ளிக்கிழமை. டாக்டரின் அறையில் யானை இல்லை. வெறும் மேஜை, மேலே விரித்த தாள் உட்கார்ந்தால் சரசரத்தது. டாக்டர் சோபல் வந்தார். வழுக்கை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி, பெல்ட்டுக்கு மேல் கொஞ்சம் வயிறு. அவளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இழுப்பைப் பற்றி விவரமாகக் கேட்டார். எப்போது வருகிறது, ராத்திரி எழுப்புகிறதா, எதனால் தூண்டப்படுகிறது என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

"குடும்பத்துல யாருக்கு என்ன வியாதின்னு கேக்கணும்," என்றார். "அப்பா இல்லைன்னு எழுதியிருக்கு."

"ஆமா டாக்டர்."

"என்னவாம்?"

"நெஞ்சு."

"அடடா. வயசு?"

டெலியாவுக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. எதிரே இருக்கிற ஆளைப் பார்த்து உத்தேசமாக, "ஐம்பத்தெட்டு," என்றாள்.

டாக்டருக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "குடிப்பாரோ?" என்று கேட்டார்.

இல்லை என்றால், பின்னே எப்படி அந்த வயசில் செத்தார் என்று கேட்பாரே என்று டெலியா பயந்தாள். "கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம் நிறையவே."

"அப்படியா." அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. "உடம்பும் பெருத்திருந்திருக்கும்."

"ஆமா. வயிறு."

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவள் முதுகில் வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, நிதானமாகக் கேட்டார். பிறகு அதைத் தன் நெஞ்சிலும் ஒரு நிமிஷம் வைத்துக் கேட்டார். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னார். இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிற டாக்டரிடம் வாய் கூசாமல் புளுகுகிறோமே என்று டெலியாவுக்கு வெட்கமாக இருந்தது.

"வீட்டைச் சுத்தி ராக்வீட் இருக்கா?"

இதற்கு உண்மையே சொல்லலாம். அவளுக்கு உயிர் வந்தது. "பின்கட்டு முழுக்க அதுதான் டாக்டர். அங்க ஒரு படகு கிடக்கு. அதைச் சுத்தி இடுப்புயரம் வளந்திருக்கு. அத்தை வெட்டவிட மாட்டேங்கறாங்க."

டாக்டரின் பேனா நின்றது. "படகை இன்னும் வெச்சிருக்காங்களா?"

"தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்காங்க. வருஷா வருஷம் தார்ப்பாயை மாத்தறாங்களாம்." போன வருஷம் க்வாபெனா மாற்றிவிட்டுக் கழற்றிப் போட்ட கிழிந்த தார்ப்பாயை அவளே பார்த்திருக்கிறாள்.

"உங்க அத்தை," என்று ஆரம்பித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரைப் பத்தி எப்பவாவது பேசுவாங்களா? உங்கப்பாவைப் பத்தி?"

முகம் தெரியாத ஒரு மனுஷரைக் கொன்று, குடிகாரனாக்கி, வயிற்றையும் வளர்த்துவிட்டிருந்தாள் டெலியா. அவருக்கு ஏதாவது ஒரு நல்லது செய்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அதோடு, மிஸஸ் கீனை அவள் இந்த இரண்டு வாரமாகப் பார்த்திருக்கிறாள்.

"பேசாம இருப்பாங்களா டாக்டர்? வாய்தான் திட்டும். மனசுல ஒண்ணும் கிடையாது. அந்தக் களையைக்கூட வேற யாரையும் தொடவிட மாட்டாங்க. அவர் வந்து வெட்டணும்னு அப்படியே விட்டு வெச்சிருக்காங்க."

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே வண்டி நிறுத்துமிடத்தைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. ஈரியில் ஆண்பிள்ளைகளுக்குப் படகு என்று பேச்செடுத்தாலே மனசு இளகிவிடும், எங்கப்பாவும் அப்படித்தான் என்று டெலியா நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தவர் அவசரத்துக்கு ஓர் இன்ஹேலரும், தினமும் போட்டுக்கொள்ள இன்னொன்றும் எழுதினார். ஒரு வருஷத்துக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார். வேலைக்குப் போகலாம், களை பக்கம் மட்டும் முகமூடி போட்டுக்கொள் என்றார். "இனிமே நீ எங்க பழைய நோயாளி. எப்ப வேணா வரலாம்."

டெலியாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அந்தக் களையை மட்டும் விடக் கூடாது," என்றார் டாக்டர். "ஞாயித்துக்கிழமை நானே வந்து வெட்டிக் குடுத்துடறேன்."

இந்தக் காலத்தில் டாக்டர் என்பவர் நோயாளியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாலே பெரிய விஷயம். இவர் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். அம்மா தலைகீழாக நின்றாலும் இப்படி ஒரு டாக்டரைப் பிடித்திருக்க முடியுமா? டெலியா காற்றில் மிதந்துகொண்டு நடைவழிக்கு வந்தாள். பாதி நடைவழியில்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் அம்மா வருகிறாள். கூடவே அப்பா கர்ட்டிஸ், தூண்டிலும் கையுமாக, கல்லுக்குண்டு மாதிரி வருவார். வந்த கையோடு டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, டெலியாவின் அப்பா என்று சொல்லிக்கொள்வார்.

பேசாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மருந்து எழுதியாகிவிட்டது, வேலை தப்பித்துவிட்டது. ஆனால் இப்படி ஒரு மனுஷரை ஏமாற்றிவிட்டு அவரிடமே வருஷா வருஷம் மூச்சை இழுத்துக் காட்ட முடியுமா? நோயாளிகள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாலும் சரி, முதலிலிருந்து தேடுவோம், மார்ச்சில் ஓர் இடம் இருக்கவே இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு லொரேனின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். லொரேன் வெள்ளைத் தலையும் சிவப்புக் கண்ணாடியுமாக, அவளுக்காகவே காத்திருந்த மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் டெலியா. "நான் சொன்னது பொய். எங்கப்பா சாகலை."

லொரேன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"சாகலைன்னுதான் எனக்குத் தெரியுமே கண்ணு. ராபர்ட்டாவுக்கு இருக்கறது ஒரே தம்பி, இப்ப உள்ள உனக்கு மருந்து எழுதிக் குடுத்தாரே, அவர்தான்."